பழஞ்சேலையும் பருத்தி இழையும்: நெசவு ஊர்களின் வீட்டுச் சிக்கனத்தில் உள்ள அறிவியல்

திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டியும் சோளிங்கருக்கு அண்மையிலும் அமைந்த ஆர்.கே.பேட்டையும், அதனைச் சூழ்ந்த அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை ஆகிய ஊர்களும் நெசவை நம்பி வாழ்பவை. மாவட்டத்தின் கிழக்கே கும்மிடிப்பூண்டியில் பேராலைகள் எழுந்த பின்னரும், குழித்தறி குறைந்து விசைத்தறி பெருகிய பின்னரும், இவ்வூர்களில் பாவு, ஊடை, தார் என்னும் சொற்கள் அன்றாடப் பேச்சில் நிற்கின்றன. பாவு என்பது தறியில் நீளவாக்கில் கட்டப்படும் நூல். ஊடை என்பது அதன் குறுக்கே நாடாவால் செலுத்தப்படும் நூல். தார் என்பது அந்த நாடாவுக்குள் வைக்கப்படும், ஊடைநூல் சுற்றிய சிறு குச்சி. துணி எப்படி உருவாகிறது என்பதைக் கண்ணால் காணும் வீடுகளில், அது எப்படித் தேய்கிறது என்பதும், தேய்ந்தபின் எதற்கு உதவும் என்பதும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கும். பழைய சேலை தூளியாகவும், போர்வையாகவும், நீர் வடிகட்டும் துணியாகவும், அடுப்படியின் கரித்துணியாகவும், பையாகவும், இறுதியில் விளக்குத் திரியாகவும் மாறும் வழக்கம் தமிழ்நாடெங்கும் உள்ளதே எனினும், அதன் காரணங்களைத் தேட நெசவு ஊரைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

இவ்வழக்கத்தை வறுமையின் அடையாளமாகக் கருதுவோர் உண்டு. அது தவறான மதிப்பீடு. பழஞ்சேலை என்பது வலுக்குறைந்த புதுச்சேலை அன்று. துவைத்தும் வெயிலில் உலர்த்தியும் உடுத்தியும் வந்த சில ஆண்டுகளில் அதன் இழைகள் வேறு இயல்புகளைப் பெற்று விடுகின்றன. புதுத்துணியால் செய்ய இயலாத சில வேலைகளைப் பழந்துணி செய்வது அதனால்தான்.

பருத்தி இழை என்பது பருத்தி விதையின் மேல்தோலிலிருந்து வளரும் ஒற்றை உயிரணு. அதன் நீளம் பெரும்பாலும் 20 முதல் 35 மில்லிமீட்டர் வரை இருக்கும். காய்க்குள் வளரும்போது குழாய் போல உருண்டிருக்கும் அந்த உயிரணு, காய் வெடித்து வெயிலில் உலரும்போது தட்டையாகி, ரிப்பன் போல முறுக்கிக்கொள்கிறது. அதன் சுவரில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேற்பட்டது செல்லுலோஸ் என்னும் பொருள், அதாவது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாக இணைந்து உருவானது. அச்சங்கிலி முழுவதும் நீரை ஈர்க்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் அமைந்திருப்பதால், சாதாரண அறைச் சூழலில்கூடப் பருத்தி தன் எடையில் 8 விழுக்காட்டுக்கும் மேலான ஈரத்தைக் காற்றிலிருந்து ஏற்று வைத்திருக்கும். ஆனால் பறித்தெடுத்த பஞ்சின் மேற்புறத்தில் மெல்லிய மெழுகுப் படலம் ஒன்று இருப்பதால், அது நீரில் உடனே நனையாமல் மிதக்கிறது. இந்த மெழுகும் செல்லுலோசும் எதிரெதிரான இயல்புடையவை என்பதே பின்னர்க் கூறப்படும் பலவற்றுக்குத் திறவுகோல்.

விரலளவுகூட இல்லாத இழைகளைக் கொண்டு கிலோமீட்டர் கணக்கில் நூல் நூற்க முடிவது முறுக்கினால்தான். நெசவாளர் நூலின் நயத்தை ‘நம்பர்’ என்னும் அளவால் குறிப்பர். 840 கெஜம் நீளமுள்ள நூற்கட்டான சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ அந்த எண்ணிக்கையே நூலின் நம்பர் ஆகும். 60ஆம் நம்பர் நூல் ஒரு கிலோ எடுத்தால் அது ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளம் வரும். ஆகவே அந்நூலால் நெய்த, அரைக்கிலோ எடையுள்ள ஒரு சேலையில் சுமார் 50 கிலோமீட்டர் நூல் அடங்கியிருக்கிறது. இதனைக் கணக்கிட்டுப் பார்ப்பவர் எவரும் கிழிந்த சேலையை எளிதில் குப்பையில் எறியமாட்டார்.

இவ்வளவு மெல்லிய நூல் தறியில் நிற்பதற்குக் கஞ்சி வேண்டும். பாவுநூல் ஒவ்வொன்றும் விழுது என்னும் நூற்கண்ணிகளினூடும் அச்சு என்னும் தறிச்சீப்பினூடும் ஆயிரக்கணக்கான முறை உரசிச் செல்வதால், நூலின் மேற்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இழைநுனிகள் கலைந்து, ஒன்றோடொன்று சிக்கி, நூல் அறுந்துவிடும். விடியற்காலையில் தெருநீளத்திற்குப் பாவை விரித்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, தூரிகையால் நீவி உலர்த்தும் காட்சி கைத்தறி ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. வெயில் ஏறினால் கஞ்சி சமமாகப் பரவுவதற்கு முன்பே உலர்ந்துவிடும் என்பதால்தான் அந்த நேரம் தேர்ந்துகொள்ளப்பட்டது. இன்று விசைத்தறிப் பாவுக்கு அவ்வேலையைச் சைசிங் ஆலை செய்கிறது.

கஞ்சியின் வேதியியல் எளிமையானது, ஆயினும் வியப்பூட்டுவது. அரிசியில் உள்ள மாவுப்பொருளும் பருத்தியின் செல்லுலோசைப் போலவே குளுக்கோஸ் சங்கிலிதான். ஒரு குளுக்கோஸ் அடுத்ததோடு இணையும் கோணம் மட்டுமே வேறு. அந்தச் சிறு வேறுபாட்டால் மாவுப்பொருள் மனிதருக்கு உணவாகிறது, செல்லுலோசோ செரிக்காமல் நார்ச்சத்தாக வெளியேறுகிறது. எனினும் இரண்டின் மேற்பரப்பும் ஒத்த இயல்புடையவை ஆதலால், அவற்றிடையே ஹைட்ரஜன் பிணைப்பு என்னும் மெல்லிய மின்கவர்ச்சி எண்ணிறந்த இடங்களில் உண்டாகி, கஞ்சி நூலோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. அரிசி மாவுமணிகள் மிகச் சிறியவை. உருளைக்கிழங்கின் மாவுமணி 100 மைக்ரோமீட்டர் வரை பெரிதாக இருக்கலாம் என்றால், அரிசியின் மாவுமணி பெரும்பாலும் 10 மைக்ரோமீட்டரைத் தாண்டுவதில்லை. (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) சோறு வேகும்போது இம்மணிகள் நீரை உறிஞ்சி, ஊதி, வெடித்து, தம்முள் இருந்த சங்கிலிகளை வெளிவிடுகின்றன, வடிகஞ்சியின் கொழகொழப்பு அதுவே. ஆறும்போது அச்சங்கிலிகள் மீண்டும் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிக்கொள்வதால் கஞ்சி இறுகுகிறது.

வீட்டில் துணிக்குக் கஞ்சி போடுவோர் இவ்விரு நிலைகளையும் கருத்தில் கொள்வது நன்று. வடிகஞ்சியைச் சூடாக இருக்கும்போதே மெல்லிய துணியில் வடித்து, போதிய நீர் சேர்த்துப் பயன்படுத்தினால் அது நூலின் உள்ளே இறங்கும். ஆறி இறுகிய கஞ்சியோ மேலே திட்டுத்திட்டாகப் படிந்து, கருநிறத் துணியில் வெள்ளைக் கறைகளாகத் தெரியும். நிறத்துணியை உட்புறம் வெளியே வருமாறு திருப்பிக் கஞ்சியில் தோய்ப்பது இதற்காகவே. கஞ்சியில் சில துளி தேங்காய் எண்ணெய் சேர்த்தால், எண்ணெய் மூலக்கூறுகள் மாவுச் சங்கிலிகளுக்கிடையே புகுந்து அவற்றை முறுகவிடாமல் காப்பதோடு, இஸ்திரிப்பெட்டி துணியில் ஒட்டுவதையும் தடுக்கும். தறிக் கஞ்சியில் எண்ணெய் சேர்க்கும் பழைய வழக்கத்தின் நோக்கமும் நூல் விறைத்து முறியாதிருக்க வேண்டும் என்பதுதான். கஞ்சி போட்ட துணியில் படியும் அழுக்கு பெரும்பாலும் கஞ்சிப் படலத்தின் மேலேயே தங்கி, அடுத்த துவைப்பில் கஞ்சியோடு சேர்ந்தே கழன்றுவிடுவதால், சோப்புச் செலவும் குறைகிறது. ஆனால் மாதக்கணக்கில் பெட்டியில் வைக்கும் துணிக்குக் கஞ்சி கூடாது: மாவுப்பொருள் இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து, அவை கஞ்சியைத் தின்ன வந்து துணியையும் அரித்துவிடும்.

புதிய துணியில் தறிக்கஞ்சியின் எச்சமும், சாயத்தின் எச்சமும், சில வேளைகளில் ஆலையில் பூசிய மெருகும் இருக்கும். துவைக்கத் துவைக்க அவை கழன்று செல்ல, செல்லுலோஸ் நேரடியாக நீரைச் சந்திக்கிறது. அதே வேளையில், கல்லில் அடித்தும் கையால் கசக்கியும் துவைப்பதால் இழையின் மேற்புறம் சிறுசிறு நுண்நார்களாகப் பிரிந்து, நூலின் மீது நுண்ணிய பஞ்சுத்தன்மையை உண்டாக்குகிறது. நெசவின் இறுக்கம் தளர்கிறது. வெயிலின் புறஊதாக் கதிர் செல்லுலோஸ் சங்கிலிகளைச் சிறிது சிறிதாக வெட்டுவதால் விறைப்புக் குறைகிறது. பழஞ்சேலையின் மென்மை என்று கைகள் உணர்வது இம்மாற்றங்கள் அனைத்தின் கூட்டு விளைவே. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணியைத் தவிர்த்துப் பலமுறை துவைத்த பருத்திச் சேலையைக் கிழித்துப் போர்த்துவதும் விரிப்பதும் நியாயமான வழக்கம்: உதிரும் சாயமும் உறுத்தும் கஞ்சியும் இல்லாத, ஈரத்தை உடனே உறிஞ்சும் துணி அதுதான். தூளிக்குப் பயன்படுத்தும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. வெயிலில் நெடுநாள் காய்ந்த சேலை மேலுக்கு நன்றாகத் தோன்றினாலும் உள்ளே மக்கியிருக்கக்கூடும். ஆகவே அதன் ஓரத்தைவிட்டு நடுப்பகுதியை இரு கைகளாலும் வேகமாகச் சுண்டி இழுத்து, நூல் விடும் ஒலி கேட்கிறதா என்று பார்த்த பின்பே கட்ட வேண்டும்.

பழந்துணி புதுத்துணியைவிட மேலானது என்பதற்கு அறிவியல் உலகம் தந்த மிக அழுத்தமான சான்று வங்கதேசத்திலிருந்து வந்தது. காலராவை உண்டாக்கும் விப்ரியோ காலரே என்னும் பாக்டீரியா ஓரிரு மைக்ரோமீட்டர் நீளமே உடையது. எந்தத் துணியும் அதைத் தனியே தடுத்து நிறுத்தாது. ஆனால் குளத்திலும் ஆற்றிலும் அப்பாக்டீரியா பெருமளவில் தனியாக வாழ்வதில்லை. கோப்பிபாட் எனப்படும், கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் நுண்ணிய ஓட்டுயிரிகளின் உடலில் ஒட்டிக்கொண்டு கூட்டமாக வாழ்கிறது. அவ்வுயிரிகளை வடித்துவிட்டால் பாக்டீரியாவின் பெரும்பகுதியும் உடன் நீங்கிவிடும் என்று கருதிய அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல்லும் வங்கதேச அறிவியலாளர் அன்வர் ஹுக்கும் உள்ளிட்ட குழுவினர், கிராமத்து வீடுகளில் ஏற்கெனவே இருந்த பொருளையே வடிகட்டியாக்க முயன்றனர். பெண்கள் வீட்டில் செய்யும் பானங்களைச் சேலைத் தலைப்பால் வடிப்பதை அவர்கள் கண்டிருந்தனர்.

ஆய்வகத்தில் அளந்து பார்த்தபோது தெரிந்தது இது: ஒற்றை அடுக்கில் சேலையின் இழை இடைவெளி 100 மைக்ரோமீட்டருக்கும் மேல் இருக்கும், ஆனால் பழைய பருத்திச் சேலையை நான்கு முதல் எட்டு அடுக்காக மடித்தால், நீர் செல்லும் வழி ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டராகச் சுருங்குகிறது, துவைத்துத் துவைத்து நூலின் மேல் எழும்பிய நுண்நார்கள் இடைவெளிகளை அடைப்பதால், இவ்வேலைக்குப் புதுச்சேலையைவிடப் பழஞ்சேலையே ஏற்றது. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் உள்ள 65 கிராமங்களில், சுமார் 1,33,000 மக்களிடையே மூன்றாண்டுக் காலம் நடந்த கள ஆய்வின் முடிவு 2003இல் வெளியானது: சேலையால் நீரை வடித்த கிராமங்களில் காலரா 48 விழுக்காடு குறைந்திருந்தது. ஒரு காசும் செலவில்லாத மருத்துவக் கருவி ஒன்று நோயைப் பாதியாக்கியது என்பதே இதன் பொருள்.

இதே தர்க்கம் நரம்புச் சிலந்தி நோயிலும் செயல்பட்டது. அந்நோயை உண்டாக்கும் புழுவின் இளம்பருவமும் சைக்ளாப்ஸ் என்னும் ஒருவகைக் கோப்பிபாட்டின் உடலுக்குள்தான் இருக்கும். குடிநீரைத் துணியால் வடிக்கச் செய்ததும், படியிறங்கி நீர்மொள்ளும் கிணறுகளைப் பாதுகாப்பானவையாக மாற்றியதும் சேர்ந்து இந்தியாவில் அந்நோயை ஒழித்தன. நாட்டின் கடைசி நோயாளி 1996இல் கண்டறியப்பட்டார். 2000இல் உலகச் சுகாதார நிறுவனம் ஒழிப்பை உறுதிசெய்தது. எனினும் துணி வடிகட்டி கொதிக்க வைத்தலுக்கு மாற்று ஆகாது. தனித்து மிதக்கும் பாக்டீரியாவும் வைரசும் துணியைக் கடந்துவிடும். கலங்கிய நீரை முதலில் மடித்த பழந்துணியில் வடித்து, பின் கொதிக்க வைப்பதே முறை. வடித்த துணியை உடனே அலசி, நேரடி வெயிலில் முழுதும் உலர்த்துவதும் வடிப்பதைப் போலவே முக்கியமானது.

கோடையில் தண்ணீர்ப் பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டும் பழக்கமும் உறிஞ்சும் தன்மையை நம்பியதே. துணியிலுள்ள நீர், தான் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை, அதாவது ஆவியாதலின் உள்ளுறை வெப்பத்தை, பானையிலிருந்தும் அதிலுள்ள நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. 100 கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 240 கிலோஜூல் வெப்பம் செலவாகும். அந்த வெப்பம் முழுவதும் 10 லிட்டர் நீரிலிருந்தே எடுக்கப்பட்டதாகக் கொண்டால் அந்நீரின் வெப்பநிலை 5 அல்லது 6 பாகை செல்சியஸ் குறையும். நடைமுறையில் சுற்றியுள்ள காற்றும் வெப்பம் தந்துகொண்டே இருப்பதால் குறைவு அதனினும் சிறிதாகவே இருக்கும். துணியின் கீழ்நுனி ஒரு தட்டு நீரில் தோய்ந்திருக்குமாறு அமைத்தால், இழைகளுக்கிடையே உள்ள மிக நுண்ணிய வழிகளில் நீர் தானாகவே மேலேறும். இதனை நுண்புழை ஏற்றம் என்பர். வழி எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் நீர் ஏறும், ஆனால் அவ்வளவு மெதுவாகவும் ஏறும். இங்கும் கஞ்சியும் மெருகும் நீங்கிய பழந்துணிக்கே வெற்றி. இந்தக் குளிர்ச்சி காற்றின் வறட்சியைப் பொறுத்தது: தமிழ்நாட்டின் கடும் வெப்பப் பதிவுகளில் அடிக்கடி இடம்பெறும் திருத்தணியிலும் அதன் அண்டையிலுள்ள ஆர்.கே.பேட்டையிலும் மே மாதத்து உலர்காற்றில் இம்முறை நன்கு பயன்தரும். அதே மாவட்டத்தின் கடலோரத்தில், பழவேற்காடு பக்கம், காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் பானை அவ்வளவு குளிர்வதில்லை.

அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணிக்கு இதற்கு நேர்மாறான இயல்பு வேண்டும். பல அடுக்காக மடித்துத் தைத்த உலர்ந்த பருத்தித் துணி கையைக் காப்பது, துணியினால் மட்டும் அன்று. அடுக்குகளுக்கிடையே அசையாமல் சிறைப்பட்ட காற்றினாலும்தான். காற்றைவிட நீர் இருபது மடங்குக்கும் மேலாக வெப்பம் கடத்துவது. ஆகவே ஈரமான கரித்துணியால் கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்தால் காற்றிருந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டு வெப்பத்தைக் கைக்குக் கடத்துவதோடு, நீராவியும் விரலைச் சுடும். அடுப்படியில் துடைக்கும் துணி வேறு, இறக்கும் துணி வேறு என்று இரண்டையும் தனித்தனியே மாட்டி வைப்பது காயத்தைத் தவிர்க்கும் எளிய ஏற்பாடு.

பழஞ்சேலைகளை நான்கைந்தாக அடுக்கி, நெருக்கமான ஓட்டுத்தையல் போட்டுச் செய்யும் போர்வையும் காற்றைச் சிறைப்படுத்தும் கருவியே. ஆர்.கே.பேட்டைப் பகுதி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்த திருத்தணி வட்டாரத்தைச் சேர்ந்தது. தெலுங்கு பேசும் குடும்பங்கள் இங்குப் பல. இவ்வகைப் போர்வையைத் தெலுங்கில் பொந்த என்றும், கன்னடத்தில் கவுதி என்றும், வங்காளத்தில் காந்தா என்றும் வழங்குவர். ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியே வலுவிழந்த துணியாக இருந்தும் போர்வை கிழியாதிருப்பதற்குத் தையலின் நெருக்கமே காரணம்: இழுவிசை ஒரு புள்ளியில் குவியாமல் அருகிலுள்ள தையல்களுக்குப் பகிரப்படுகிறது, ஓர் அடுக்கில் தொடங்கும் கிழிசலும் அடுத்த தையல் வரிசையை எட்டியதும் நின்றுவிடுகிறது. தையல் இடைவெளி அரை அங்குலத்திற்கு மேற்போனால் இப்பயன் குறையும். மிக நெருங்கினாலோ அடுக்குகள் அழுந்திக் காற்று வெளியேறி, போர்வையின் கதகதப்பும் குறையும்.

சேலையாகவோ போர்வையாகவோ நீடிக்க இயலாத கிழிசல்களும், தறியில் பாவு முடிந்ததும் எஞ்சும் நூல்துண்டுகளும், லுங்கி வெட்டும்போது விழும் ஓரங்களும் கொடிக்கயிறாகவும் கால்மிதியாகவும் மாறுவது உராய்வின் வேலை. மூன்று அங்குல அகலமுள்ள துணிப்பட்டைகள் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றையும் வலப்புறமாக முறுக்கிக்கொண்டே, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக இடப்புறமாகச் சுற்றிச் சென்றால், கையை விட்டாலும் பிரியாத கயிறு கிடைக்கும். ஒவ்வொரு பட்டையும் தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ள முயல, அம்முயற்சியே மற்றதை இன்னும் இறுக்குகிறது. எதிரெதிர் முறுக்குகள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. கயிற்றை இழுக்கும்போது சுற்றுகள் உள்நோக்கி அழுந்துவதால் உராய்வும் கூடுகிறது. விரலளவு இழைகள் நூலில் ஒன்றையொன்று பற்றி நிற்பதும் இதே விதியால்தான். பட்டை தீரும் நிலையில் புதுப்பட்டையை முடிச்சிடாமல் ஒரு சாண் அளவு உடன் சேர்த்து முறுக்கினால் போதும். இரு பட்டைகளின் இணைப்புகளும் ஒரே இடத்தில் வராதபடி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இக்கயிற்றைச் சுருளாகச் சுற்றி, சுற்றுக்குச் சுற்று தைத்தால் அதுவே கால்மிதி. பருத்தியின் மற்றோர் இயல்பும் இங்குத் துணைநிற்கிறது: ரேயான் போன்ற இழைகள் ஈரத்தில் வலுவிழக்க, பருத்தி ஈரத்தில் உலர்ந்த நிலையைவிடச் சற்று வலுப்பெறுகிறது. குளியலறை வாசலில் நாள்தோறும் நனையும் கால்மிதிக்கு அதைவிடத் தகுந்த இழை அரிது.

திரிக்கு வரும்போது மெழுகின் கதை தலைகீழாகிறது. நீரை மறுக்கும் மெழுகு எண்ணெயை வரவேற்கும் ஆதலால், துவைக்காத, வெளுக்காத பஞ்சையே நேரடியாகத் திரித்து விளக்கிலிடலாம்; பழந்துணித் திரியும் எண்ணெயை நன்கு ஏற்றும். திரியை மிக இறுக்கி முறுக்கினால் எண்ணெய் ஏறும் வேகம் குறைந்து சுடர் சிறுத்து நுனி கருகும். தளர விட்டால் எண்ணெய் மிகுந்து ஏறிப் புகையும். மெழுகுள்ள பஞ்சின் இந்த எண்ணெய்ப் பற்றை அமெரிக்காவின் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் சேஷாத்ரி ராம்குமாரின் குழு ஆராய்ந்து, நூற்புக்கு உதவாத தரங்குறைந்த பஞ்சுகூடத் தன் எடையைப்போல் முப்பது மடங்குக்கும் மேலான கச்சா எண்ணெயை ஏற்கும் என்று காட்டியது.

துணிப்பையைப் பற்றிப் பேசுகையில் ஒரு கணக்கை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் ஞெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. ஆனால் டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்ட ஆய்வு, புதிதாக நெய்த பருத்திப் பை ஒன்று மெல்லிய ஞெகிழிப் பையைவிடப் புவி வெப்பமாதலில் மேலானதாக வேண்டுமெனில் அதனை 50 முறைக்கு மேல் பயன்படுத்த வேண்டும் என்றும், எல்லாச் சுற்றுச்சூழல் அளவைகளையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறை பயன்படுத்த வேண்டும் என்றும் கணித்தது. பருத்தி விளைவிக்கச் செலவாகும் நீரும் உரமும் மின்சாரமும் அவ்வளவு. இதனைக் காட்டித் துணிப்பையைப் பழிப்பது பொருந்தாது. இக்கணக்கு புதுத்துணிப் பைக்குரியது. ஒரு சேலையாகப் பல ஆண்டுகள் உழைத்துத் தன் விலையைத் தீர்த்துவிட்ட துணியிலிருந்து தைக்கும் பைக்குப் புதிய வயலோ புதிய நீரோ தேவையில்லை. விழாக்களில் ஆளுக்கொரு புதுத்துணிப்பை வழங்குவதைவிட, வீட்டிலுள்ள பழஞ்சேலையில் இரண்டு பைகள் தைத்துக்கொள்வதே சூழலுக்குச் செய்யும் உண்மையான உதவி. பைக்குச் சேலையின் உடலைவிட முந்தியும் கரையும் ஏற்றவை: அங்கு நூல் நெருக்கமாகவும் தேய்மானம் குறைவாகவும் இருக்கும்.

மேற்கூறிய அனைத்தும் பருத்திக்கே பொருந்தும் என்பதை இன்றைய குடும்பங்கள் அறிந்திருப்பது மிகவும் அவசியம். 1983இல் தொடங்கிய அரசின் வேட்டி சேலைத் திட்டத்தில் பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த பாலிகாட் சேலைகள் வழங்கப்பட்டு வந்துள்ளன. கடைகளில் விற்கும் அன்றாடச் சேலைகளிலும் பாலியெஸ்டரே மிகுதி. பாலியெஸ்டர் என்பது பெட்ரோலியத்திலிருந்து செய்யும் செயற்கை இழை. அது காற்றிலிருந்து ஏற்கும் ஈரம் தன் எடையில் அரை விழுக்காடுகூட இல்லை. ஏறத்தாழ 260 பாகை செல்சியசில் உருகிவிடும். நீடித்து உழைப்பதும், விரைவில் உலர்வதும், சுருங்காதிருப்பதும் அதன் நற்குணங்கள்; கயிற்றுக்கும் பைக்கும் அது நன்றாகவே உதவும். ஆனால் குழந்தையின் விரிப்புக்கும், பானையின் ஈரத்துணிக்கும் அது உதவாது. கரித்துணியாகவோ திரியாகவோ அதைப் பயன்படுத்துவது ஆபத்து: உருகிய பாலியெஸ்டர் தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும்.

எனவே பழஞ்சேலையை வெட்டுவதற்கு முன் அதன் இழையைச் சோதிப்பது முதல் வேலையாக வேண்டும். பாவிலிருந்து ஒரு நூலையும் ஊடையிலிருந்து ஒரு நூலையும் தனித்தனியே உருவி, கிடுக்கியால் பிடித்து, ஒரு தட்டின் மேல் எரித்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் சோதிப்பது ஏனெனில், பாவு ஒரு வகையாகவும் ஊடை மற்றொரு வகையாகவும் நெய்த துணிகள் உண்டு. பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலைத் தரும். பாலியெஸ்டர் சுடரிலிருந்து விலகிச் சுருங்கி, உருகி, கரும்புகை விட்டு, ஆறியபின் நசுக்க முடியாத கரிய மணியாக இறுகும். கலப்பு நூலில் சாம்பலுக்கிடையே சிறு கடினத் துகள்கள் விரலுக்குத் தட்டுப்படும். பருத்தி என்று உறுதியான சேலையிலும் மடித்துத் தைத்த ஓரத்தையும், அடியில் வைத்துத் தைத்த ஃபால்ஸ் பட்டையையும் பிரித்தெடுத்துவிட வேண்டும். பட்டை பெரும்பாலும் பருத்தியாகவே இருந்தாலும், அதைப் பிடித்திருக்கும் தையல்நூல் பாலியெஸ்டராக இருப்பதே இன்று வழக்கம்.